முகம் அமைதியா இருக்கு, நெஞ்சு ஓடிட்டு இருக்கு

போன தடவை ஆட்டிசம் குழந்தைகளோட மெல்ட்டவுன் (தாங்க முடியாம கட்டுப்பாடு இழந்து கத்தி அழுறது) பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல உடம்பு பத்திதான். படபடப்பு, வேர்வை, காது சிவக்குறது, மோஷன் போகாதது, தூக்கம். பேச்சு பத்தி, படிப்பு பத்தி கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காங்க, இதைக் கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்ல"னு அனுப்பிடுறாங்கனு நிறைய பேர் வருத்தப்பட்டு எழுதியிருக்கீங்க. அதனால இந்த வாரம் முழுக்க இதுக்கே.

கேள்வி: டாக்டர், என் பையனுக்கு 6 வயசு, 3 வயசுலயே ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. சும்மா உக்காந்து பொம்மையை அடுக்கிட்டு இருப்பான், திடீர்னு ரெண்டு காதும் சிவந்துடும், உள்ளங்கை ஈரமாயிடும், நெஞ்சுல கை வச்சா டமடமனு அடிக்கும், கண்ணு நடுவுல இருக்கிற கருப்பு பெருசா தெரியும். அஞ்சு நிமிஷத்துல தானா சரியாயிடும். டெஸ்ட் எல்லாம் நார்மல். அம்மாக்கள் குரூப்ல ஒருத்தங்க இது ஆட்டோனமிக் பிரச்சனைனு சொன்னாங்க. இது தனி வியாதியா, இல்ல ஆட்டிசத்தோட சேர்ந்ததா?

பதில்: உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன்மா, ஏன்னா நீங்க தனித்தனியா எழுதின நாலு விஷயத்தையும் ஒரே அமைப்புதான் நடத்துது. இதயத் துடிப்பு, வேர்வை, ரத்தக்குழாய் விரியுறது சுருங்குறது, கண்மணியோட அளவு, குடல் அசையுறது, மூத்திரப்பை, உடம்பு சூடு, இதையெல்லாம் நம்ம யோசிக்காமலேயே பாத்துக்கிற நரம்பு அமைப்பு அது, அதைத்தான் ஆட்டோனமிக்னு சொல்றாங்க, ஸ்கூல் புக்குல தானியங்கு நரம்பு மண்டலம்னு படிச்சிருப்போம். அதுல ரெண்டு பிரிவு முக்கியம். ஏதோ வருதுனு உடம்பைத் தயார் பண்றது சிம்பதெடிக், அதுதான் துடிப்பை ஏத்தும், உள்ளங்கையை வேர்க்க வைக்கும், கண்மணியைப் பெருசாக்கும். ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் கொண்டு வர்றது பாராசிம்பதெடிக். அதுல பெரிய நரம்புக்குப் பேரு வேகஸ், மூளையோட அடிப்பாகத்துல கிளம்பி கழுத்து வழியா இதயம், நுரையீரல், வயிறு, குடல்னு போய்ட்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்தேதான் வேலை செய்யும், ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு கொஞ்சம் இறங்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் இந்தக் கணக்கு மாறிட்டே இருக்கும்.

ஆட்டிசம் இருக்கிற குழந்தைகள்ல இந்தக் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி ஓடுதுனு ரொம்ப வருஷமா ஆராய்ச்சியில பாத்துட்டு வர்றாங்க. சராசரியா பாத்தா வேகஸ் பக்கம் இதயத்துக்குக் கொடுக்கிற நிதானம் கொஞ்சம் கம்மியா இருக்கு. கண்ணுல லைட் அடிச்சா கண்மணி சுருங்கத் தொடங்கக் கொஞ்சம் லேட் ஆகுது, சுருங்குற அளவும் கம்மியா இருக்குனு அளந்திருக்காங்க. தோல்ல வர்ற வேர்வையை மின்சாரம் கடத்துற அளவை வச்சு அளப்பாங்க, அதுல மட்டும் ரிசல்ட் ஒரே மாதிரி வரல, சில குழந்தைங்க எல்லாத்துக்கும் எகிறுறாங்க, சில குழந்தைங்களுக்கு எதுக்குமே அசையல. இதை நான் முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா "ஆட்டிசம்னாலே எப்பவும் டென்ஷன்ல இருக்கிற உடம்பு"னு ஒரே வரியில சொல்லிட்டா அந்த ரெண்டாவது வகைக் குழந்தை கண்ணுலேயே படாம போயிடும்.

அதனால தனி வியாதினு பேர் வைக்க வேண்டாம். அதே நேரம் ஆட்டிசத்தோட அடையாளமும் இல்ல, டாக்டர்கள் ஆட்டிசத்தைக் கண்டறியப் பயன்படுத்துற, 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற கையேட்டோட அளவுகோல்ல சத்தம், வெளிச்சம், தொடுதலுக்கு அதிகமாவோ கம்மியாவோ ரியாக்ட் பண்றதைச் சேர்த்தாங்களே தவிர, பல்ஸ், வேர்வை, கண்மணி எதுவும் அதுல கிடையாது. யாராவது கண்மணியைப் பாத்தோ காதைப் பாத்தோ ஆட்டிசம் இருக்கு இல்லனு சொன்னா நம்பாதீங்க. காது சிவந்தா சாப்பாட்டு அலர்ஜினு குரூப்ல சுத்துற பேச்சும் அப்படித்தான். காதுல ரத்தக்குழாய் விரிஞ்சிருக்குனு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், எதனால விரிஞ்சதுனு அது சொல்லாது. அதை நம்பி ஒவ்வொரு சாப்பாடா நிறுத்தி, ஏற்கனவே நாலே நாலு ஐட்டம் சாப்பிடுற குழந்தையை ரெண்டுக்குக் கொண்டு வந்த வீடுகளைப் பாத்து மனசு கஷ்டப்பட்டிருக்கேன்.

நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, அந்த அஞ்சு நிமிஷத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா, தொட்டா உணர்றானானு பாருங்க. முகம் வெளுத்து, பார்வை ஒரே இடத்துல நின்னு, வாய் மெல்லுற மாதிரி அசைஞ்சு, கூப்பிட்டா பதிலே இல்லனா அது ஃபிட்ஸா இருக்கலாம், ஆட்டிசம் குழந்தைகள்ல வலிப்பு மத்தவங்களை விட அதிகம், சில வலிப்புல கை கால் இழுக்கவே இழுக்காது. போன்ல வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க, அந்த வீடியோவுக்கு ஈடா நம்ம வார்த்தையில எதையும் சொல்ல முடியாது. ரெண்டாவது, அது வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் என்ன நடந்துச்சுனு ஒரு நோட்ல குறிங்க. திடீர்னு வருதுனு நமக்குத் தோணும், ரெண்டு வாரம் எழுதிப் பாத்தா பக்கத்து ரூம்ல ஓடுற ஃபேன் சத்தமோ மோஷன் போகாத மூணாவது நாளோ கண்ணுல படும்.

கேள்வி: மகளுக்கு 8 வயசு, ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். சும்மா உக்காந்திருக்கும்போதே 108, 112னு காட்டுது, எச்ஆர்வி கம்மினு ஆப் சொல்லுது. ராத்திரி தூக்கம் வரல எனக்கு. இதயத்துல கோளாறா டாக்டர்?

பதில்: முதல்ல நீங்க தூங்குங்க. பெரியவங்களுக்கு ஓய்வுல 60-லேருந்து 100 வரைக்கும்னு படிச்சதை வச்சு பயந்திருப்பீங்க. 6-லேருந்து 11 வயசுக் குழந்தைக்கு முழிச்சிருக்கும்போது 75-லேருந்து 118 வரைக்கும் சாதாரணம்தான், தூங்கும்போது இன்னும் நல்லா இறங்கும். அதனால 112ங்கிறது மேல் பக்கம் இருக்கு, அவ்வளவுதான்.

எச்ஆர்வினா என்னனா, இதயம் கடிகாரம் மாதிரி சமமா அடிக்காது, மூச்சு இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும், வேகஸ் நரம்பு நல்லா வேலை செய்ற குழந்தைக்கு இந்த ஏத்த இறக்கம் நல்லாவே தெரியும். கேக்க பயமா இருக்கும் ஆனா சமமா அடிக்காம இருக்கிறதுதான் இங்க நல்லது. ஆட்டிசம் குழந்தைகள்ல இது சராசரியா கம்மினு நிறைய ஆராய்ச்சியைச் சேர்த்துப் பாத்தும் தெரிஞ்சிருக்கு. ஆனா சராசரிங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க. ஆட்டிசம் இருக்கிற நூறு குழந்தையை இந்தப் பக்கம், இல்லாத நூறு குழந்தையை அந்தப் பக்கம் நிறுத்தினா ஒரு வித்தியாசம் தெரியும், அதுல ஒரு குழந்தையை மட்டும் கூப்பிட்டு நம்பரைப் பாத்து இவ எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. அதுவும் மணிக்கட்டுல கட்டுற வாட்ச், கையை ஆட்டிக்கிட்டே இருக்கிற குழந்தைக்குத் தப்பா காட்டுறது ரொம்ப சகஜம். பெரியவங்க கைக்குனு செஞ்ச பட்டை சின்னக் கையில லூசா இருந்தாலும் தப்பாதான் வரும்.

வாட்சைக் கழட்டி வச்சுட்டு ஒரு வேலை பண்ணுங்க. அவ ஆழ்ந்து தூங்கினதுக்கு அப்புறம் நெஞ்சுல லேசா கை வச்சு முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, மூணு ராத்திரி. தூக்கத்துல 60, 70, 80ன்னு இறங்கி இருந்தா பகல்ல ஏறுறது பெரும்பாலும் அவளைச் சுத்தி இருக்கிறதாலதான். தூக்கத்துலயும் 100-க்கு மேலேயே நின்னா ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், மருந்துனு வேற காரணம் தேடணும், டாக்டர் ஈசிஜியும் எடுப்பாங்க. மருந்து பத்தி எழுதலையே நீங்க, கவனக்குறைவுக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் துடிப்பை ஏத்தும், குளோனிடின் இறக்கும். குளோனிடின் எடுக்கிறவங்க அதை டாக்டரைக் கேக்காம திடீர்னு நிறுத்தக்கூடாது, பிரஷர் எகிறிடும்.

கேள்வி: நான் ஸ்கூல் டீச்சர். என் கிளாஸ்ல ஒரு ஆட்டிசம் பையன், தங்கமான புள்ள, ஒரு சத்தம் கிடையாது, நாள் முழுக்க அப்படியே உக்காந்திருப்பான். வீட்டுக்குப் போன உடனே கத்துறான், அடிக்கிறான்னு அவங்க அம்மா சொல்றாங்க. இங்க ஒழுங்கா இருக்கிறவன் அங்க அப்படினா வீட்டு வளர்ப்புலதானே தப்பு?

பதில்: இல்லங்க டீச்சர். நீங்க அக்கறையிலதான் கேக்குறீங்கனு தெரியுது, ஆனா அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

2009-ல ஃபிரான்ஸ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆட்டிசம் இருக்கிற 73 பேருக்கு, எல்லாரும் குழந்தைங்களும் டீன் ஏஜ் பிள்ளைங்களும்தான், ரத்தம் எடுக்கும்போது என்ன நடக்குதுனு பாத்தாங்க. வெளியில பாத்தா மத்த குழந்தைங்களை விட இவங்க கம்மியாதான் ரியாக்ட் பண்ணாங்க, அழுகை கம்மி, கையை இழுக்கிறது கம்மி. ஆனா இதயத் துடிப்பு மத்தவங்களை விட அதிகமா ஏறியிருந்துச்சு, ரத்தத்துல பீட்டா எண்டார்ஃபின்ங்கிற ஸ்ட்ரெஸ் சம்பந்தப்பட்ட பொருளும் அதிகம். அதாவது இவங்களுக்கு வலியே தெரியாதுனு எத்தனையோ வருஷமா நம்பிட்டு இருந்தது தப்பு. வலி இருக்கு, உடம்பு அதை முழுசா உணருது, அது முகத்துக்கு வந்து சேரல. எனக்கு இதைப் படிச்சப்போ, மயக்க மருந்து போடாம தையல் போட்ட குழந்தைங்க எத்தனை பேர் "அழவே இல்ல, சமத்து"னு பேர் வாங்கியிருப்பாங்கனு நினைச்சு ரொம்ப நேரம் மனசே ஆறல.

உங்க கிளாஸ் பையன் கதையும் இதுவா இருக்க வாய்ப்பு அதிகம். ட்யூப் லைட் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், பெல், பக்கத்துல உக்காந்தவன் தோள் இடிக்கிறது, இதை எல்லாம் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அசையாம தாங்கிட்டு இருக்கான், அசையாம இருக்கிறதே அவனுக்குப் பெரிய உழைப்பு. ஒவ்வொரு தடவையும் துடிப்பு ஏறுது, முழுசா இறங்குறதுக்குள்ள அடுத்தது வருது. பயமில்லாத இடத்துக்குப் போனதும் எல்லாம் சேர்ந்து வெளிய வருது. அம்மாகிட்ட அது வருதுனா அவங்க அவனுக்குப் பாதுகாப்பான ஆள்னு அர்த்தம்.

2019-ல அமெரிக்காவுல இதையே வேற மாதிரி பாத்தாங்க, ஆஸ்பத்திரியில தங்கியிருந்த ஆட்டிசம் பிள்ளைங்க 20 பேர் மணிக்கட்டுல ஒரு சென்சார் கட்டி, துடிப்பு, வேர்வை, அசைவு எல்லாத்தையும் பதிவு பண்ணி, அடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே அதைக் கணிக்க முடியுதானு பாத்தாங்க, ஓரளவுக்கு முடிஞ்சது. காரணமே இல்லாம அடிச்சான்னு நாம சொல்ற இடத்துல உடம்பு முன்னாடியே சொல்லிட்டு இருக்கு. சென்சார் உங்களுக்கு வேண்டாம், கண்ணே போதும். காது, கன்னம் நிறம் மாறுதா, மூச்சு மேல மேல வருதா, பென்சில் பிடியில வெரல் வெளுக்குதா, உள்ளங்கையை டிரவுசர்ல துடைச்சுக்கிட்டே இருக்கானா, அடிக்கடி கொட்டாவி வருதா, அடுத்தடுத்து டாய்லெட் கேக்குறானா. இதுல ரெண்டு மூணு சேர்ந்து பாத்தீங்கனா அப்போ கேள்வி கேக்காம, கண்ணைப் பாத்துப் பேசச் சொல்லாம, வெளிய ஒரு பத்து நிமிஷம் அமைதியான இடத்துல விடுங்க. மதியம் ஒரு தடவை இப்படிச் செஞ்சு பாத்துட்டு சாயங்காலம் வீட்டுல எப்படினு அவங்க அம்மாகிட்ட கேளுங்க.

கேள்வி: சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. காய்ச்சல் வந்தா என் பொண்ணு நல்லா இருக்கா! கண்ணைப் பாக்குறா, மடியில வந்து உக்காருறா, ரெண்டு வார்த்தை அதிகமா பேசுறா. காய்ச்சல் போனா பழையபடி. எனக்கு அழுகை வருது.

பதில்: நான் நம்புறேன்மா. 2007-ல காய்ச்சல் வந்த 30 ஆட்டிசம் குழந்தைங்களை வச்சு இதை முறையாவே பாத்திருக்காங்க, காய்ச்சல் இருந்தப்போ எரிச்சல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்றது, பொருத்தமில்லாத பேச்சு எல்லாம் நிறைய பேருக்குக் குறைஞ்சிருந்துச்சு. உடம்பு முடியாம சோர்ந்து கிடந்ததால அப்படித் தெரிஞ்சுதானு அதையும் யோசிச்சுப் பாத்தாங்க, சோர்வை மட்டும் வச்சு விளக்க முடியல. எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது, சிலருக்குதான். மூளையில லோகஸ் செருலியஸ்னு ஒரு குட்டி இடம் இருக்கு, நோரட்ரினலின்ங்கிற ரசாயனம் அங்கேருந்துதான் மூளை முழுக்கப் போகுது, விழிப்பு, கவனம், கண்மணி அளவு, காய்ச்சல் எல்லாத்தோடயும் அதுக்குச் சம்பந்தம் உண்டு, அந்த வழியா இருக்கலாம்னு 2009-ல ரெண்டு விஞ்ஞானிங்க ஒரு கருத்து சொன்னாங்க. அது இன்னும் கருத்துதான்.

தயவு செஞ்சு காய்ச்சலைக் கொறைக்காம விட்டுப் பாக்கலாம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அந்த ரெண்டு நாள்ல அவ சொன்ன வார்த்தையை எழுதி வைங்க, அந்த வார்த்தை அவகிட்ட இருக்குனு உங்களுக்கும் தெரபிஸ்ட்டுக்கும் தெரிஞ்சுதே, அது சின்ன விஷயம் இல்ல.

கேள்வி: 7 வயசுப் பையன். வாரத்துல ஒரு நாள்தான் மோஷன், ஆனா தினமும் ஜட்டியில கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா ஒழுகுது, அதுக்கு வயித்துப்போக்கு மருந்து கொடுத்தோம், இன்னும் மோசம். மூத்திரம் வருதுனும் சொல்லத் தெரியல. பசினும் கேக்க மாட்டான். ராத்திரி 2 மணி வரைக்கும் முழிப்பு. வேணும்னே பண்றானா?

பதில்: வேணும்னே இல்ல, சத்தியமா இல்ல. அந்த வயித்துப்போக்கு மருந்தை உடனே நிறுத்துங்க, இது வயித்துப்போக்காத் தெரியல எனக்கு, மலச்சிக்கல் மாதிரி இருக்கு. கெட்டியான மலம் கீழ அடைச்சுக்கிட்டு நிக்கும்போது மேல இருக்கிறது தண்ணியா அதோட ஓரமா வழிஞ்சு வரும், குழந்தைக்கு அது வர்றதே தெரியாது. குடல் நாள் கணக்கா விரிஞ்சு விரிஞ்சு அந்த உணர்வே மங்கிப் போயிடும். குழந்தைகள் டாக்டரைப் பாத்து மலத்தை இளக்குற மருந்து ஆரம்பிக்கணும், அதை ஒரு வாரத்துல நிறுத்தாம பல மாசம் கொடுக்க வேண்டி வரும், பழகிடுமோனு பயந்து பாதியில விடுறவங்கதான் திரும்பத் திரும்ப வர்றாங்க.

2014-ல பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பாத்ததுல ஆட்டிசம் குழந்தைகளுக்கு வயிறு, குடல் தொந்தரவு மத்த குழந்தைகளை விட 4 மடங்கு அதிகம்னு வந்துச்சு. குடலை நடத்துறதுல வேகஸுக்குப் பங்கு இருக்கு, ஆனா எல்லாப் பழியையும் நரம்பு மேல போட முடியாது, ஒரு சில சாப்பாடு மட்டுமே சாப்பிடுறது, தண்ணி குடிக்காதது, டாய்லெட் ஃபிளஷ் சத்தத்துக்குப் பயந்து அடக்குறதுனு எல்லாம் சேருது.

இன்னொண்ணு, உடம்புக்குள்ள இருந்து வர்ற சிக்னலைப் புரிஞ்சுக்கிறது. பசி, தாகம், மூத்திரம், வலி, நெஞ்சு படபடப்பு, இதை உணர்ந்து இது இன்னதுனு பேர் வைக்கிறது நமக்குத் தானா வந்துடுச்சு, இந்தக் குழந்தைங்க நிறைய பேருக்கு அது தெளிவா வர்றதில்ல. ஏதோ பண்ணுதுனு தெரியும், எதுனு தெரியாது. அதனால "வருதா"னு கேக்காதீங்க, வரலனுதான் சொல்வான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல காலுக்கு ஒரு ஸ்டூல் வச்சு உக்கார வைங்க, சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கணும். தண்ணியும் கேட்டாதான் கொடுக்கிறதுனு வைக்காம நேரம் வச்சுக் கொடுங்க.

தூக்கம் பத்தி, வயிறு இளகினதுக்கு அப்புறம் பாதி சரியாகுதானு முதல்ல பாப்போம். வயித்து வலியோட யாரும் தூங்க முடியாது. அப்புறமும் இருந்தா முதல்ல படுக்குற நேரம், வெளிச்சம், ஸ்க்ரீன் இதைச் சரி பண்ணி, தேவைப்பட்டா டாக்டர் சொல்ற அளவுல மெலடோனின்.

கேள்வி: பேரன் கையை ஆட்டிக்கிட்டே இருக்கான், முன்னாடியும் பின்னாடியும் ஆடுறான். சில சமயம் தலையைச் சுவத்துல இடிக்கிறான். அதட்டி நிறுத்தினா நல்லதா?

பதில்: ஐயா, கையை ஆட்டுறதையும் தலையை இடிக்கிறதையும் ஒண்ணா வைக்காதீங்க. நம்ம மூளை விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரனும் கூட ரெண்டு பேரும் 2001-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஆட்டிசம் குழந்தைங்களோட தோல் வேர்வையை அளந்து பாத்தாங்க. சாதாரணமா மனுஷ முகத்தைப் பாக்கும்போது ஒரு பேப்பர் கப்பைப் பாக்குறதை விட அதிகமா ஏறணும், இவங்ககிட்ட அந்த வித்தியாசம் பெருசா இல்ல. அதோட, திரும்பத் திரும்பச் செய்ற இந்த மாதிரிச் செயல்கள் எகிறி நிக்கிற நரம்பை அடக்க அவங்களே கண்டுபிடிச்ச வழியா இருக்கலாம்னும் சொன்னாங்க. என் அனுபவத்துல அது ரொம்ப சரி. ஆட்டத்தை அதட்டி நிறுத்தினா கை நிக்கும், உள்ள ஏறினது இறங்காது. யாருக்கும் கெடுதல் இல்லாத வரைக்கும் ஆடட்டும் ஐயா.

தலையை இடிக்கிறது வேற. புதுசா ஆரம்பிச்சிருந்தா முதல்ல காதைப் பாருங்க, பல்லைப் பாருங்க, வயித்தைப் பாருங்க. சொல்லத் தெரியாத வலிக்கு அதுதான் மொழியா இருக்கும்.

கேள்வி: காதுல மாட்டுற மெஷின், வேகஸைத் தூண்டி ஆட்டிசத்தைச் சரி பண்ணும்னு விளம்பரம் வருது. வாங்கலாமா? வெயிட்டான போர்வை?

பதில்: மெஷின் வேண்டாம். வேகஸைத் தூண்டுற கருவி அடங்காத வலிப்புக்கு ஆபரேஷன் பண்ணி வைக்கிறது உண்டு, அது டாக்டர் முடிவு. ஆட்டிசத்தைச் சரி பண்ணும்னு விளம்பரத்துல விக்கிறதுக்கு ஆதாரம் இல்ல. வெயிட் போர்வையை 2014-ல முறையா சோதிச்சாங்க, தூக்க நேரம் கூடல, ஆனா குழந்தைகளுக்கும் பெத்தவங்களுக்கும் அது பிடிச்சிருந்துச்சு. பிடிச்சா வச்சுக்கலாம், தானா தள்ளிவிடத் தெரியாத குழந்தைக்கும் ரொம்பச் சின்னக் குழந்தைக்கும் கூடவே கூடாது.

கேள்வி: எப்போ உடனே ஓடணும்? அதை மட்டும் சொல்லுங்க.

பதில்: ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தா. நெஞ்சு வலினு காட்டினா, உதடு நீலமானா. திடீர்னு வெளுத்து வாந்தி எடுத்து கண்ணு ஒரு பக்கம் போய் நின்னா. இதுவரைக்கும் இல்லாம ரெண்டு கண்மணியும் வேற வேற அளவுல தெரிஞ்சு கூடவே தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தா (பொறந்ததுலேருந்தே லேசா வித்தியாசம் இருக்கிறது நிறைய பேருக்கு உண்டு, அது வேற). அரை நாளுக்கு மேல மூத்திரமே போகலனா. குடும்பத்துல சின்ன வயசுல காரணம் தெரியாம யாராவது இறந்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட கேக்காமலே சொல்லிடுங்க.

வாட்ச் வாங்கின அப்பா, மூணு ராத்திரி எண்ணின நம்பரை அடுத்த வாரம் எழுதி அனுப்புங்க, காத்துட்டு இருக்கேன்.